நான்கு முடிச்சு அரிசி

என் வீட்டுக்காரரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போன வருஷம், நோன்பு மாசத்தில் நான் செய்த காரியத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது. நல்ல காரியம் என்று நினைத்துத்தான் செய்தேன். கெட்ட காரியமாக இருந்திருந்தால் இத்தனை பிடிவாதமாகச் செய்திருக்கமாட்டேன்.

அது மலாயாவில் அவசரகாலம். லூபோக் சீனாவுக்கு அந்தப் பக்கம், நெகிரி செம்பிலான் எல்லையை ஒட்டி ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். காட்டுக்குள் இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டு, ஒரே ஒரு கேட் வைத்திருந்தார்கள். அரிசிக்கு ரேஷன். பிடி அரிசியானாலும் சரி, ஓர் உருண்டைச் சோறானாலும் சரி, கேட்டைத் தாண்டக் கூடாது. காலையில் பால்மரம் வெட்டப் போகிறவர்களை வரிசையில் நிற்கவைத்து, வாளியைக் கவிழ்த்து, மடியைத் தட்டிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். வேலிக்குள் இருந்த ஒரே மளிகைக்கடை எங்களுடையது. ஒரே முஸ்லிம் குடும்பமும் நாங்கள்தான்.

கடைக்காரர்களுக்கு ஒரு சட்டம் இருந்தது. சார்டின் மீன் டின் விற்றால் அங்கேயே ஆணியால் இரண்டு ஓட்டை போட்டுத்தான் கொடுக்கவேண்டும். ஓட்டை போட்ட டின்னை நாள்கணக்கில் பதுக்க முடியாது அல்லவா, அதற்காக. ஒருநாள் கடையில் கூட்டம். என் வீட்டுக்காரர் இரண்டு டின்னுக்கு ஓட்டை போட மறந்துவிட்டார். மறுநாள் அந்த இரண்டும் கேட்டில் ஒருவருடைய கூடையில் அகப்பட்டன. அன்று மத்தியானமே ஜீப் வந்தது. கடைக்குச் சீல் வைத்தார்கள். அவரைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு தடுப்பு முகாமில் வைத்துவிட்டார்கள்.

மூன்று மாசம் கழித்து, பெருநாள் முடிந்ததும் விசாரணை என்று ஒரு கடிதம் வந்தது. விட்டால் வீட்டுக்கு, விடாவிட்டால் கப்பலேற்றி இந்தியாவுக்கு. நானும் இரண்டு பெண்பிள்ளைகளும் இங்கே, அவர் அங்கே. இடையில் எங்கள் வீட்டின் மேல் சின்னப் புகார் ஒன்று வந்தாலும் கப்பல்தான் என்று கடிதத்தைப் படித்துக் காட்டிய கிராணி என்னிடம் இரண்டு தடவை சொன்னார். ஆபீசில் எழுத்து வேலை பார்க்கிறவர், பொய் சொல்லமாட்டார். எனக்கு அன்றிலிருந்து ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. பெருக்கின வீட்டையே மறுபடி பெருக்குவேன். துவைத்த துணியை எடுத்துத் திரும்ப நனைப்பேன். வேலியோரமாக இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடப்பேன். வேலியில் காவல் நிற்கிற பையன்களே என்னைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அப்படி நடந்துகொண்டிருக்கும்போதுதான் நோன்பு வந்தது. நோன்பு வந்தால் பித்ரா வரும்.

ஜகாத்து என்பது வசதி உள்ளவர்கள் தங்கள் பொருளிலிருந்து கொடுப்பது. பித்ரா அப்படியில்லை. பெருநாளன்று வீட்டில் சாப்பாட்டுக்குப் போக மிச்சம் வைத்திருக்கிற எல்லோர் மேலும் அது கடமை. உயிரோடு இருக்கிற ஒவ்வொரு தலைக்கும் ஒரு கந்தாங் அளவு அரிசி, நேற்றுப் பிறந்த குழந்தைக்கும் சேர்த்து, பெருநாள் தொழுகைக்கு முன்னால் ஏழைகள் கைக்குப் போய்ச் சேரவேண்டும். தொழுகை முடிந்து கொடுத்தால் அது வெறும் தர்மம், பித்ரா ஆகாது. பித்ரா கொடுக்காதவனுடைய நோன்பு வானத்துக்கும் பூமிக்கும் நடுவில் தொங்கும் என்று சின்ன வயசிலேயே எங்களைப் பயமுறுத்தி வைத்திருந்தார்கள். பெருநாள் தினத்தில் எந்த வீட்டு அடுப்பும் அணைந்து கிடக்கக் கூடாது என்பதற்காக வந்த கடமை அது. எனக்கு அந்த வயசில் அடுப்பு ஞாபகம் இல்லை. தொங்குகிறதுதான் ஞாபகம் இருந்தது.

என் வீட்டுக்காரர் என் தாய்மாமன் மகன். அவரை நான் மச்சான் என்றுதான் கூப்பிடுவேன். அவர் பித்ரா கொடுக்கிற விதமே தனி. எல்லா அரிசியையும் ஒன்றாக மூட்டை கட்டமாட்டார். தலைக்கு ஒன்றாகத் தனித்தனித் துணியில் முடிந்து, அந்தந்த ஆளை அதன் மேல் கை வைக்கச் சொல்லி, மனசில் எண்ணி நிய்யத்து வைத்துக் கொடுப்பார். ஊரில் அவருடைய வாப்பா அப்படித்தான் செய்வாராம். மலாய்க்காரர்கள் போலப் பள்ளிவாசலில் வசூலிக்கிறவரிடம் ஒப்படைப்பதும் அவருக்குப் பிடிக்காது. தோட்டத்துக்கு வெளியே ஒரு மைல் தள்ளி இருந்த கம்போங்கில், மலாய்க்காரர் கிராமத்தில், தாழைப்பாய் முடைந்து பிழைக்கிற ஒரு மலாய்க்கார மக்சிக் இருந்தார். மலாயில் அத்தை, பெரியம்மா வயசுக்காரரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். கைம்பெண், வயசானவர். வேலி வருவதற்கு முன்பெல்லாம் வருஷா வருஷம் எங்கள் முடிச்சுகளை மச்சானே சைக்கிளில் கொண்டுபோய் அந்த மக்சிக் கையில் கொடுத்துவிட்டு வருவார்.

இந்த வருஷம் யார் கொடுப்பது? மார்க்கச் சட்டப்படி பார்த்தால் எங்கள் எல்லோருடைய பித்ராவும் அவர் பொறுப்பு. அவரோ முகாமில். அவருடைய பித்ரா கொடுக்கப்படாமல் அவருடைய நோன்பு தொங்கினால், அவரும் தொங்குவார், விசாரணையும் தொங்கும் என்று என் மனசு கணக்குப் போட்டுவிட்டது. தர்மம் தலைகாக்கும் என்பார்களே, கொடுக்கிற சதக்கா வருகிற பலாவை, ஆபத்தை, தடுக்கும் என்பார்களே, இரண்டையும் சேர்த்துக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். நான்கு முடிச்சும் போய்ச் சேர்ந்தால் அவர் வருவார். யாரும் எனக்கு இதைச் சொல்லவில்லை. நானே அல்லாஹ்வோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, அவன் சம்மதித்துவிட்டதாகவும் நானே வைத்துக்கொண்டேன்.

அவரைப் பிடித்ததும் அவருடைய ரேஷனை அடித்துவிட்டார்கள். மூன்று பேருக்குத்தான் அரிசி. அதில் சின்னவளுக்கு வயசு மூன்று என்பதால் பாதிதான் கிடைக்கும். அதிலிருந்து நோன்பு தொடங்கிய நாள் முதல் உலையில் போடுமுன் இரண்டு கையும் சேர்த்து இரண்டு அள்ளு, சில நாள் மூன்று அள்ளு எடுத்துத் தனியாக வைத்தேன். விடியுமுன் சஹருக்கு எனக்கு மரவள்ளிக்கிழங்கு. நோன்பு திறக்கவும் மரவள்ளிக்கிழங்கு. பிள்ளைகளுக்குச் சோறு போடுவேன், ஆனால் கஞ்சியாக்கி, தண்ணீர் கூட்டி. பெரியவளுக்கு ஏழு வயசு. தட்டை வழித்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். இன்னும் கொஞ்சம் என்று கேட்கமாட்டாள். கேட்காத பிள்ளை என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையைத்தான் இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இருபத்தைந்தாம் நோன்புக்குள் நான்கும் சேர்ந்துவிட்டன. மச்சானுடைய பழைய கைலி ஒன்றைக் கிழித்து அவருடையதை மட்டும் அதில் முடிந்தேன். மற்ற மூன்றும் என் பழைய தாவணித் துணியில். பிள்ளைகளைக் கை வைக்கச் சொன்னேன். அவருடையதன் மேல் நானே கை வைத்தேன். துணிப்பெட்டிக்கு அடியில் வைத்துப் பூட்டினேன்.

அதற்குப் பிறகுதான் இதை எப்படி வெளியே கொண்டுபோவது என்ற யோசனை வந்தது. முதலில் யோசிக்க வேண்டியதைக் கடைசியில் யோசிப்பது என் பிறவிக் குணம்.

பக்கத்து வீட்டு அக்கா கேட்டில் வேலை பார்த்தார். பெண்களைத் தொட்டுச் சோதனை போட ஒரு பெண் வேண்டுமே, அந்த வேலை. லயத்தில் பலருக்கு அவரைக் கண்டால் ஆகாது. எனக்கு ஆகும். நான் நோன்பு என்றால் என் பிள்ளைகளுக்கு இட்லி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தண்ணிகூடக் குடிக்காம உன் சாமி உன்னை என்ன பாடு படுத்துது என்று கேலி செய்வார். எல்லோரையும் சோதிக்கிறவரை யாரும் சோதிப்பதில்லை என்பதை நான் கவனித்து வைத்திருந்தேன். இருபத்தாறாம் நோன்பன்று பகலில் அவர் வீட்டுக்குப் போய், மச்சானுடைய ஒரு முடிச்சை மட்டுமாவது சேலைக்குள் வைத்துக் கொண்டுபோய் அந்த மக்சிக்கிடம் சேர்த்துவிட முடியுமா என்று கேட்டேன். கேட்கும்போதே என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அக்கா கையில் இருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தார்.

"வேலியில போற ஓணானை எடுத்து மடியில விடச் சொல்றியா தங்கச்சி? உன் வீட்டுக்காரர் உள்ள இருக்கிறது பத்தாதா, என் வீட்டுக்காரரும் போகணுமா?"

நான் எழுந்துவிட்டேன். வாசல்வரை வந்தவர், குரலைத் தணித்து, "தனக்கு மிஞ்சித்தான்லா தானமும் தர்மமும்," என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் மார்க்கத்தைப் பற்றி இந்த அம்மாவுக்கு என்ன தெரியும் என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். அவர் தோழி என்பது மறந்துபோய், அவர் கேட்டில் வேலை பார்க்கிறவர் என்பது மட்டும் நினைவுக்கு வந்தது. இந்நேரம் போய்ச் சொல்லியிருப்பாரோ? அரிசியை வேறு இடத்தில் மாற்றலாமா? குளியலறையிலா, கோழிக்கூண்டிலா? பித்ரா அரிசியைக் கோழிக்கூண்டில் வைப்பதா? பெட்டியைத் திறப்பதும் பூட்டுவதுமாக இரண்டு நாள் போயிற்று.

இருபத்தெட்டாம் நோன்பு, காலை பத்து மணி இருக்கும். லயத்தில் வீடு வீடாகச் சோதனை என்று சத்தம் கேட்டது. ஒரு வெள்ளைக்காரத் துரை, ஒரு மலாய்க்காரக் கார்ப்பரல், நான்கு கான்ஸ்டபிள்கள். துரை மூன்று வீடு தள்ளி ஒரு பரணைக் கிளறிக்கொண்டிருந்தார். கார்ப்பரல் மட்டும் முன்னால் எங்கள் வீட்டுக்குள் வந்தார். வயசு நாற்பது இருக்கும், அவரும் நோன்பு, உதடு காய்ந்து வெடித்திருந்தது. நேராகத் துணிப்பெட்டியைத் திறக்கச் சொன்னார். அவருக்கு முன்பே தெரியுமா, பெட்டியைக் கண்டால் திறப்பது வழக்கமா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அக்கா அதைப் பற்றி என்னிடம் சொல்லவில்லை, நான் கேட்கவுமில்லை.

துணிகளை விலக்கியதும் நான்கு முடிச்சும் வரிசையாக இருந்தன. அப்போதுதான் அவற்றை இன்னொருவர் கண்ணால் பார்த்தேன். ஒரே அளவு, தனித்தனியாக, இறுக்கிக் கட்டி, ஓர் ஆள் கையில் தூக்கிக்கொண்டு ஓட வசதியாக. காட்டுக்குள் இருப்பவனுக்கு அரிசி அனுப்புகிறவர்கள் எப்படிக் கட்டுவார்களோ அப்படியே கட்டி வைத்திருந்தேன். இரண்டு டின்னுக்கு ஓட்டை போட மறந்தவரை மாசக்கணக்கில் வைத்திருக்கிறார்கள். அவர் வீட்டுப் பெட்டியில் நான்கு முடிச்சு அரிசி. அவரைக் கப்பலேற்ற நானே கயிறு திரித்து வைத்திருக்கிறேன்.

கார்ப்பரல் ஒரு முடிச்சை எடுத்து எடை பார்த்தார். நான்கையும் எண்ணினார். சுவரோரம் நின்ற பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு மெதுவாக ஒரு வார்த்தை கேட்டார். "பித்ராவா?" அந்தச் சொல் அவருக்கும் எனக்கும் ஒன்றுதான். தலையாட்டினேன்.

யாருக்கு என்று கேட்டார். மக்சிக் பெயரைச் சொன்னால் துரை அந்தக் கிழவி வீட்டுக்கும் ஜீப் அனுப்புவார். சொல்லாவிட்டால் எனக்கும் மச்சானுக்கும் முடிவு. நின்றேன். அவர் என்னை விட்டுவிட்டுச் சமையல்கட்டுக்குப் போய் அரிசி டின்னின் மூடியைத் திறந்தார். அடியில் ஒரு குவளை அளவு கிடந்தது. பக்கத்துப் பானையில் பிள்ளைகளுக்கு வைத்திருந்த கஞ்சியைக் கரண்டியால் கிளறி, தூக்கி ஊற்றிப் பார்த்தார். அது தண்ணீராக ஓடியது. திரும்பி வந்தபோது அவர் முகத்தில் இரக்கமே இல்லை, கோபம்தான் இருந்தது. மலாயில் சொன்னார், அதை அப்படியே சொல்கிறேன்:

"எங்க கம்போங் மக்சிக்குக்குத்தானே, உன் புருஷன் சைக்கிள்ல கொண்டாருவாரே. அவங்களுக்கு நாங்க இருக்கோம். உன் பிள்ளைங்களுக்கு யாரு இருக்கா?"

பெருநாளன்று சாப்பிடுவதற்கே இல்லாத வீட்டின் மேல் பித்ரா கடமை இல்லை என்பது உனக்குத் தெரியாதா, இந்த வேலிக்குள் பித்ரா வாங்க வேண்டிய வீடு ஒன்று இருக்கிறதென்றால் அது இதுதான் என்றார். எனக்குத் தெரியும். ஓதிய வீட்டுப் பெண், தெரியாமல் என்ன? கடைக்காரன் பெண்டாட்டி வாங்குகிற பக்கம் நிற்பதா என்றுதான் தெரியாததுபோல் இருந்தேன்.

பிறகு அவர் சொன்னது இவ்வளவுதான். துரை இந்த வீட்டுக்கு வருவதற்குள் இங்கே முடிச்சு எதுவும் இருக்கக் கூடாது. ஒரு வீட்டில் அரிசி எங்கே இருக்குமோ அங்கே இருக்கவேண்டும். தான் இன்னும் இந்த வீட்டைப் பார்க்கவில்லை. சொல்லிவிட்டு வெளியே போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார்.

மூன்று முடிச்சை அவிழ்த்து டின்னில் கொட்ட எனக்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. நான்காவது, அவருடையது. பிரியக் கூடாது என்று ஈரத்துணியில் போட்ட முடிச்சு, காய்ந்து கல்லாகியிருந்தது. நகம் உடைந்தது. அவிழவில்லை. உண்மையைச் சொன்னால் கையும் முழு மனசோடு அவிழ்க்கவில்லை. இதைக் கொட்டிவிட்டால் அவர் வரமாட்டார் என்று உள்ளே ஒன்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது. இதை மட்டும் மடியில் கட்டிக்கொண்டால் என்ன, என்னையா தொட்டுப் பார்க்கப்போகிறார்கள் என்றுகூட நினைத்தேன். பூட்ஸ் சத்தம் பக்கத்து வாசலுக்கு வந்துவிட்டது.

சின்னவள் டின்னுக்குள் எட்டிப் பார்த்தாள். மூன்று முடிச்சு அரிசி சேர்ந்து பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. பெரியவளிடம் திரும்பி, "இம்புட்டு அரிசி நம்ம வீட்டுலயா இருந்துச்சு?" என்றாள்.

பல்லால் கடித்துக் கைலியைக் கிழித்தேன். அரிசி டின்னிலும் தரையிலுமாகக் கொட்டியது. தரையில் விழுந்ததைப் பெரியவள் ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

துரை வந்தார். டின்னுக்குள் குச்சியை விட்டுக் கிளறினார். எத்தனை பேர் என்று கேட்டார். கார்ப்பரல் மூன்று என்றார், இன்னும் ஏதோ சொன்னார். துரை என் கையில் தொங்கிய கிழிந்த கைலியைப் பார்த்தார். அடுப்புத் துணி என்று நினைத்திருக்கவேண்டும். போய்விட்டார். நான் அப்படியே தரையில் உட்கார்ந்தேன். அத்தனை நாள் உட்கார முடியாதவள், எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

பெருநாளன்று அந்த அரிசியில் சோறாக்கினேன். கஞ்சியில்லை, சோறு. பிள்ளைகள் இரண்டும் வயிறு நிறையத் தின்றன. பக்கத்து வீட்டு அக்கா வந்தார், ஒரு தட்டு வைத்தேன், அவரும் சாப்பிட்டார். முடிச்சைப் பற்றி இரண்டு பேருமே வாய் திறக்கவில்லை. எனக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. பிள்ளைகள் வாயில் இருந்ததைப் பிடுங்கித் தர்மம் செய்யப் பார்த்தேனே என்று ஒரு பக்கம். அவருடைய பித்ராவைச் சமைத்துவிட்டேனே என்று ஒரு பக்கம். விசாரணை முடிந்த செய்தி வரும்வரை இரண்டுக்கும் நடுவில் நடந்துகொண்டே இருந்தேன்.

அவரை விட்டுவிட்டார்கள். பெருநாள் போய் ஒரு மாசத்தில், ஒரு மத்தியானம், தோட்டத்து லாரியில் வந்து இறங்கினார். பாதி ஆளாகியிருந்தார். குளித்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தவர் முதல் கவளத்துக்கு முன்னால், மக்சிக்குக்குப் பித்ரா போய்ச் சேர்ந்ததா என்று கேட்டார்.

எதையும் மறைக்கவில்லை. அக்காவிடம் கேட்டதைச் சொன்னபோது மச்சான் கண் சிவந்தது. கைலியைக் கிழித்ததைச் சொன்னபோது தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். முழுவதும் கேட்டுவிட்டு, முகாமில் நடந்த ஒன்றைச் சொன்னார். பெருநாளுக்கு முந்தின நாள் பக்கத்துக் கம்போங்கிலிருந்து ஒரு ஹாஜியார் அனுமதி வாங்கிக்கொண்டு வந்து, உள்ளே இருந்த முஸ்லிம்களுக்குப் பித்ரா அரிசி கொடுத்தாராம். எல்லோரும் வாங்கினார்களாம்.

"நான் வாங்கல புள்ள," என்றார். "நாலு பேருக்குக் கொடுத்த கை. போயி நீட்டச் சொல்றியா?"

அதைச் சொல்லும்போது அவர் முதுகு நிமிர்ந்தது. இரண்டு மாசத்துக்கு முன்னால் என்றால் எனக்கும் நிமிர்ந்திருக்கும். அந்தப் பாழாய்ப்போன பெருமைதான் எங்கள் வீட்டுக் கஞ்சியில் தண்ணீர் கூட்டியது. அவர் மேல் கோபமா, என் மேல் கோபமா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு கோபம் வந்தது. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவரை எதிர்த்து ஒரு சொல் சொன்னதில்லை.

"அந்த மக்சிக் வருஷா வருஷம் உங்க முன்னாடி நீட்டுச்சே, மச்சான்," என்றேன்.

அவர் கை பிசைந்த சோற்றிலேயே நின்றுவிட்டது. நான் எழுந்து போகவும் இல்லை, சமாதானம் சொல்லவும் இல்லை. கடைசியில் அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, வாங்கியிருக்கலாம், ரொம்பப் பசியாகத்தான் இருந்தது என்றார்.